812990: ஒட்டாவாவுக்கு ஒரு கணக்காளரின் திறந்த மடல்

கனடா மக்களவையின் நீதி, மனித உரிமைகள் நிலைக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இதன் ஆங்கிலப் பிரதி உங்களுக்கு அஞ்சலில் வந்து சேர்ந்திருக்கும். பாராளுமன்றத்துக்குப் போகிற கடிதத்துக்கு முத்திரை ஒட்டத் தேவையில்லை என்பது இந்த நாட்டில் எனக்குப் பிடித்த சின்ன விஷயங்களில் ஒன்று. தமிழில் தனியாக எழுதுவதற்குக் காரணம் வேறு. பாலியல் தொழில் என்ற விஷயம் வந்தால் எங்கள் ஆட்கள் ஒன்றில் சிரித்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அவர்களும் கொஞ்சம் கேட்கட்டும்.

நான் ஸ்காபரோவில் வரிக் கணக்குச் செய்கிறவள். கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில், பல் வைத்தியருக்கும் பயண முகவருக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. பெப்ரவரி பிறந்தால் ஏப்ரல் முடியும்வரை வாசலில் பனிச் சப்பாத்துக் குவியல்தான். டாக்ஸி ஓட்டுகிறவர்கள், கூரை போடுகிறவர்கள், வீட்டில் கேக் செய்து விற்கிறவர்கள், மேளக்காரர், சோதிடர் எல்லாரும் வருவார்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு டி2125 என்றொரு படிவம் இருக்கிறது. அதில் தொழிலுக்கு ஆறு இலக்கக் குறியீடு போட வேண்டும். இந்த மடல் அந்த ஆறு இலக்கத்தைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் பற்றுச்சீட்டுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். முழங்கால்வரை ஏறும் பூட்ஸ் வந்த நீளப் பெட்டி. அவர் எந்த ஊர், வீட்டில் என்ன மொழி என்றெல்லாம் எழுதப்போவதில்லை; ஸ்காபரோ சின்ன இடம். பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக அடுக்கினேன். சணல் கயிறு. தோலுக்குப் பூசுகிற எண்ணெய். கிருமிநாசினி, பெரிய போத்தலில் ஆறு. கையுறைகள். முதலுதவி வகுப்புக் கட்டணம். இட வாடகை. முனை மழுங்கிய கத்தரிக்கோல் மூன்று. தாதியாக இருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் கயிறு இடித்தது. கத்தரிக்கோல் எதற்கு என்று கேட்டேன். "கை விறைத்துப்போனால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. வெட்டத்தான் வேண்டும்" என்றார், கூரைக்காரர் ஏணியைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அவர் டொமினாட்ரிக்ஸ். காசு வாங்கிக்கொண்டு ஆண்களைக் கட்டுகிறவர், அதட்டுகிறவர், கேட்டால் பிரம்பாலும் அடிக்கிறவர். உடலுறவு இல்லை, தொடுகைக்கும் எல்லை உண்டு. முதல் சந்திப்பிலேயே, நான் கேட்காமலேயே, சொல்லிவிட்டார். பிறகு படிவத்தைப் பார்த்து என்னிடமே கேட்டார்: "அப்ப நான் செய்கிறது என்ன தொழில்?"

812990 என்று போட்டேன். மற்ற எல்லாத் தனிநபர் சேவைகளும் என்று அதற்குப் பொருள். வேறெங்கும் இடமில்லாதவர்கள் வந்து சேர்கிற மடம் அது. வரித் திணைக்களம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருடத்துக்கு 30,000 டொலருக்கு மேல் போனதும் எச்எஸ்டி என்கிற விற்பனை வரிக்கு இலக்கம் எடுத்தார். 13 சதவீதம் ஒழுங்காகக் கட்டுகிறார். அந்த 13 சதவீதத்தையும் சேர்த்துக் கொடுக்கிற ஆண் கொடுக்கும்போதே குற்றம் செய்கிறாரா இல்லையா என்பதுதான் எனக்கு விளங்காதது. உங்கள் சட்டப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. தேடிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் கந்தோரிலிருந்து மேற்கே கொஞ்ச நேரம் காரோடினால் தோர்ன்ஹில் வரும். இப்போது எங்கள் ஆட்களும் வீடு வாங்கியிருக்கிற அமைதியான புறநகர். 1990களில் அங்கே ஒரு பங்களாவில் டெரி ஜீன் பெட்போர்ட் இதே தொழிலை நடத்தினார். 1994இல் பொலிஸ் புகுந்தது. விபசார விடுதி நடத்தியதாக வழக்கு. இங்கே நடப்பது நாடகமும் கட்டும் அடியும்தான், இது விபசாரம் ஆகாது என்பது அவர் தரப்பு வாதம். எடுபடவில்லை. 2000ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார். உடலுறவு இருந்ததா என்பது கேள்வியில்லை, செய்தது பாலியல் தன்மையுள்ளதா, வாங்குகிறவரின் பாலியல் இன்பத்துக்காகச் செய்யப்பட்டதா என்று சூழ்நிலையை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்ட அளவுகோல்.

அதற்குப் பிறகு அந்த மனுசி செய்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். நான் விபசாரி இல்லை என்று சொல்லித் தோற்றவர், சரி, நான் அவள்தான், அப்ப அவளுக்குரிய உரிமையைத் தா என்று திரும்பி வந்தார். பாலியல் தொழிலில் இருந்த ஏமி லெபோவிச், வலரி ஸ்காட் இருவரையும் கூட்டிக்கொண்டு, சட்டப் பேராசிரியர் அலன் யங் துணையோடு 2007இல் விபசாரச் சட்டங்களையே நீதிமன்றத்துக்கு இழுத்தார். 2010இல் நீதிபதி சூசன் ஹிமெல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2013 டிசம்பர் 20ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் ஒருமித்து விடுதி நடத்துதல், விபசார வருமானத்தில் வாழ்தல், பொது இடத்தில் பேரம் என்ற மூன்று பிரிவுகளையும் தூக்கி எறிந்தார்கள். பெட்போர்ட் கையில் குதிரைச் சவுக்கோடு ஒட்டாவாவில் நின்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எங்கள் வானொலி ஒன்றில் அதைப் பற்றிக் கதைத்தவர் 'சவுக்கு' என்ற சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டு 'ஒரு பொருள்' என்றார்.

அந்தத் தீர்ப்பில் பிரதம நீதியரசர் பெவர்லி மக்லாக்லின் எழுதிய ஒரு வரியில் நானும் இருக்கிறேன். வருமானத்தில் வாழ்கிறவர்களைத் தண்டிக்கிற பழைய பிரிவு, பெண்ணைச் சுரண்டுகிறவனுக்கும் அவளைப் பாதுகாக்கிற சாரதிக்கும் காவலுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை, கணக்காளரும் வரவேற்பாளரும்கூட அதில் அகப்படுவார்கள் என்றார். கணக்காளர்! உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எங்கள் தொழிலைக் கண்டபோது வந்த சந்தோசம் பாதி வரியிலேயே போய்விட்டது.

நீதிமன்றம் உங்களுக்கு ஒரு வருட அவகாசம் தந்தது. அந்த ஒரு வருடத்தில் பாராளுமன்றம் செய்தது 2014 டிசம்பர் 6 முதல் நடைமுறையில் இருக்கிற இன்றைய சட்டம். விற்கிறவரை விட்டுவிட்டு வாங்குகிறவரைக் குற்றவாளியாக்குகிற சுவீடன் வழி. குற்றவியல் சட்டத்தின் 286.1ஆம் பிரிவின்படி பாலியல் சேவையைக் காசுக்கு வாங்கினால் ஐந்து வருடம்வரை சிறை. 286.2இன்படி அதிலிருந்து பொருள் நன்மை பெற்றால் பத்து வருடம்வரை. பாலியல் சேவை என்றால் என்ன என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. வரி விதிகளில் உணவகப் பண்டம் எது, பலசரக்கு எது என்று பிரிக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாடு இது. ஐந்து டோனட் வாங்கினால் வரி உண்டு, ஆறு வாங்கினால் இல்லை. ஒரு மனிதனை ஐந்து வருடம் உள்ளே வைக்கக்கூடிய சொல்லுக்கு விளக்கமில்லை.

சட்டத்தோடு சேர்த்து நீதித் திணைக்களம் ஒரு விளக்க ஆவணம் வெளியிட்டது. உடலுறவு, கையால் செய்வது, மடியில் ஆடும் நடனம் என்று நீதிமன்றங்கள் ஏற்கனவே சொன்னதைப் பட்டியலிட்டுவிட்டு, கட்டி அடிக்கும் செயல்களும் அடங்கும், பாலியல் கிளர்ச்சி தருவதாகக் கருதக்கூடியவையாக இருந்தால், என்று முடிக்கிறது. அந்த 'இருந்தால்' தோர்ன்ஹில் பங்களாவிலிருந்து வந்தது. சிக்கல் முழுக்க அதில்தான்.

என் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் ஒருவரைச் சொல்கிறேன். யாரென்று தெரியாது, தெரியவும் வேண்டாம். மாதத்தில் ஒருநாள் வந்து அவருடைய இடத்தைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போகிறார். இவர் கதிரையில் இருந்தபடி அங்கே தூசி, இங்கே கறை, இதுதான் துடைக்கிற இலட்சணமா என்று அதட்டிக்கொண்டிருக்க வேண்டும். இருவரும் முழு உடுப்பில்தான். முடிந்ததும் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, காசு நிரப்பிய உறையை மேசையில் வைத்துப் போய்விடுவார். எனக்கு முதலில் விளங்கவில்லை.

"துடைக்கிறதுக்கு அவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?"

"நான் கொடுக்கிறதில்லை. அவர்தான் எனக்குக் கொடுக்கிறார்."

வரவா செலவா என்று இரண்டு தரம் கேட்டுத்தான் எழுதினேன். ஒருவர் குனிந்து துடைக்க இன்னொருவர் கதிரையில் இருந்து குறை சொல்கிற வீடு எங்களிடத்தில் புதிதில்லை. காசு இந்தப் பக்கம் வருவதுதான் புதிது.

இப்போது உங்கள் அளவுகோலை வைத்துப் பாருங்கள். பாலியல் தன்மையுள்ளதா? தும்புத்தடியும் வாளியும்தான் தெரிகிறது. வாங்குகிறவரின் பாலியல் இன்பத்துக்காகவா? அது அவருக்குத்தான் வெளிச்சம். இருந்தால் அவர் குற்றவாளி. வாழ்க்கையில் யாரிடமாவது ஒருநாள் ஏச்சு வாங்கினால் மனம் இலேசாகிறது என்று மட்டும் இருந்தால் குற்றமில்லை. இன்னொருவர் கட்டப்பட்டு ஒரு மணித்தியாலம் அசையாமல் கிடந்துவிட்டு, நன்றாக நித்திரை கொண்டேன் என்று சொல்லிப் போவாராம். புறவயமான அளவுகோல் என்று நீதிபதிகள் சொல்கிறார்கள். சரி, புறத்தில் என்ன இருக்கிறது? கயிறு இருக்கிறது, பூட்ஸ் இருக்கிறது, இருட்டு அறை இருக்கிறது. அவற்றைப் பார்த்து நமக்கு என்ன தோன்றுகிறது என்பதைத்தான் அவருடைய நோக்கம் என்று எழுதப்போகிறோம்.

அப்படியென்றால் இது பாலியல் தொழில் இல்லை என்று சொல்லித் தப்பிவிடலாமே என்று இந்தத் தொழிலில் சிலர் நினைக்கிறார்கள். 1994இல் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று அப்படியே சொன்னது: டொமினாட்ரிக்ஸ் செய்வது அங்கத்தைய விபசாரச் சட்டம் சொல்கிற பாலியல் நடத்தைக்குள் வராது என்று. என் வாடிக்கையாளரும் முதல் வருடம் அதைத்தான் சொன்னார். நான் சட்டத்தரணி இல்லை. ஆனாலும் அந்தக் கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தேடிப் பார்த்தேன். தாக்குதல் சட்டம் நிற்கிறது.

சம்மதித்து அடிவாங்கினாலும் சம்மதம் எல்லா இடத்திலும் செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சட்பரிக்குப் பக்கத்தில் மதுக்கடைக்கு வெளியே நடந்த கைச்சண்டை. 1995இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் படுக்கையறைக்கும் கொண்டுவந்தது. உடற்காயத்துக்குக் குற்றவியல் சட்டம் தருகிற விளக்கமோ மெல்லியது: கணநேரத்தில் மறையாத, அற்பமென்று தள்ள முடியாத எந்த நோவும் அதில் வரலாம். ஒரு கிழமை நிற்கிற கண்டல் போதும். ஆக, இது பாலியல் என்றால் வந்தவர் குற்றவாளி. பாலியல் இல்லை, வெறும் அடி என்றால் அடித்தவர் குற்றவாளி ஆகலாம். பிரித்தானியாவில் 1993இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, தங்களுக்குள் சம்மதித்து இப்படி நோவு கொடுத்துக்கொண்ட ஆண்களையே மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் குற்றவாளிகளாக்கியது. அங்கே காசுகூடக் கைமாறவில்லை.

அடி என்றதும் எனக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது. எங்கள் கணித வாத்தியார் மேசை லாச்சியில் இரண்டு பிரம்பு வைத்திருந்தார், ஒன்று எண்ணெய் பூசியது. உள்ளங்கையை நீட்டச் சொல்வார். என் சம்மதத்தை அவர் கேட்கவில்லை. நிறுத்து என்று சொல்ல எனக்கொரு சொல் தரவில்லை. என் வாடிக்கையாளர் பிரம்பை எடுப்பதற்கு முன் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா, முதுகில் வருத்தம் இருக்கிறதா, எந்தச் சொல்லைச் சொன்னால் நான் நிறுத்த வேண்டும் என்று கேட்டுத் தாளில் குறித்துவைக்கிறார். பிள்ளையைத் திருத்தப் பெற்றோர் நியாயமான பலத்தைப் பாவிக்கலாம் என்கிற 43ஆம் பிரிவை 2004இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இரண்டு வயதுக்கு மேல், பதின்ம வயதுக்குக் கீழ், கையால் மட்டும், தலையில் கூடாது என்று வரையறுத்து. பிள்ளையை எப்படி அடிக்கலாம் என்று வயதுவரை எண்ணிச் சொல்லத் தெரிந்த சட்டத்துக்கு, வளர்ந்த மனிதன் கேட்டு வாங்குகிற அடிக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரை, விபசாரத்தில் சுரண்டல் இயல்பாகவே இருக்கிறது, மனித உடல் பண்டமாகிறது என்கிறது. அதனால்தான் வாங்குகிறவரைத் தண்டிக்கிறோம் என்பது வாதம். ஒரு வாகன நிறுத்துமிடத்தில், குளிரில், யாருடைய காரிலும் ஏறவேண்டிய பெண்ணை நினைத்து இதை எழுதியிருந்தால் எனக்கு விளங்குகிறது; அந்தப் பெண்ணுக்கு இந்தச் சட்டம் நன்மை செய்ததா என்பது வேறு கதை. ஆனால் கட்டப்பட்டுக் கிடக்கிறவர் வாங்குகிறவராகவும், கயிற்றைப் பிடித்திருக்கிறவர் விற்கிறவராகவும் இருக்கிற அறைக்குள் இந்த முகவுரையைக் கொண்டுபோனால் அது தலைகீழாகிவிடுகிறது. யாருடைய உடல் இங்கே பண்டம்?

அதற்காக அந்தப் பெண்தான் அங்கே ராணி என்று நான் நம்பவில்லை. பூட்ஸ் படங்களைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அப்படி நம்பலாம். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறவள் நம்ப முடியாது. ஜனவரியில் வருமானம் விழுகிறது. வராமல் விட்டவர்களுடைய காசு விழுகிறது. தரகு கேட்கிற இடக்காரர் இருக்கிறார். ஒரு வங்கி காரணம் சொல்லாமல் கணக்கை மூடியது. "கயிறு என் கையில் இருக்கும், நேரம் அவர் கையில் இருக்கும்" என்று ஒருதரம் சொன்னார். என்ன உடுப்பு, என்ன வசனம், எத்தனை அடி எல்லாம் வருகிறவர் முன்கூட்டியே எழுதி அனுப்புவாராம். காசு கொடுக்கிறவர் எழுதிய நாடகத்தில் இவர் அரசியாக நடிக்கிறார். சிலநாள் களைத்துப்போய் வருவார். அப்போது அவரைப் பார்த்தால் இரவு வேலை முடிந்து வருகிற தாதியர் ஞாபகம்தான் எனக்கு வரும்.

ஆகையால் 'அப்ப நான் செய்கிறது என்ன தொழில்?' என்று அவர் கேட்ட கேள்விக்கு என் பதில்: ஆம், இது பாலியல் தொழில்தான். ஒவ்வொரு மணித்தியாலமும் இல்லை. வாளிக்காரரை நான் அதில் சேர்க்க மாட்டேன். ஆனால் மொத்தமாகப் பார்த்தால், ஆண்கள் தங்கள் ஆசையைக் கொண்டுவந்து காசு கொடுத்து இறக்கிவைக்கிற இடம் அது. அதற்கு வேறு பெயர் சூட்டத் தேவையில்லை. பெயர் சூட்டுவதில்தான் எனக்குப் பயம்.

ஏனென்றால் எங்கள் ஆட்கள் இதை ஒருதரம் செய்து முடித்தவர்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை நிறுத்தக் கேட்டவர்களின் நியாயத்தை நான் மறுக்கவில்லை; முத்துலட்சுமி ரெட்டி அதற்காக எத்தனை வருடம் போராடினார். ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. சதிர் என்ற ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளின் மேடைக்கு ஏறியது. ஆட்டத்தைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டோம். அதைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த பெண்களில் பெரும்பாலானோரை 'அந்த மாதிரி' என்ற சொல்லோடு பின்னால் விட்டுவிட்டோம். இன்று இங்கே மார்க்கம் நகரின் மண்டபங்களில் ஆயிரக்கணக்கான டொலர் செலவில் அரங்கேற்றம் நடக்கிறது. பற்றுச்சீட்டுகள் என்னிடம்தான் வருகின்றன.

டொமினாட்ரிக்ஸ் வேறு, விபசாரி வேறு என்று நீதிமன்றத்தில் வென்றுவிட்டால் நடக்கப்போவதும் அதுதான். தோல் உடுப்பும் சொந்த இடமும் நல்ல ஆங்கிலமும் உள்ளவர்கள் நாடகக் கலைஞர், மன ஆலோசகர் மாதிரி ஏதோ ஒரு பெயரில் தப்பிவிடுவார்கள். காரில் ஏறுகிறவள் அங்கேயே நிற்பாள், முன்பைவிடத் தனியாக. பெட்போர்டின் வாழ்க்கையை உச்ச நீதிமன்றமே குறித்துவைத்திருக்கிறது: தெருவில் நின்றவர், மசாஜ் நிலையத்தில் வேலை செய்தவர், காசுக்குத் துணைக்கு ஆள் அனுப்புகிற எஸ்கார்ட் நிறுவனம் நடத்தியவர், டொமினாட்ரிக்ஸ். அத்தனையும் ஒரே ஆள். எந்த வருடத்தில் கோடு போட்டு, இதற்கு மேல் மரியாதைக்குரியவர் என்று சொல்வீர்கள்? மிக மோசமான அடிகள் தெருவில்தான் விழுந்தன என்பது அவர் சாட்சியம். அடிக்கிற தொழிலில் இருந்தபோது இல்லை.

ஒழுக்கம் என்று வந்தால் எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். உன் மகள் போனால் விடுவாயா? விரும்ப மாட்டேன். அவள் கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போனதையும் நான் விரும்பவில்லை. அதற்காகக் கோழி வாங்குகிறவரைப் பிடித்து ஐந்து வருடம் உள்ளே போடுங்கள் என்று ஒட்டாவாவுக்கு எழுதவில்லை. அவளுக்குக் கையுறை கொடுத்தார்களா, வெட்டினால் கட்டுப்போட ஆளிருக்கிறதா, சம்பளம் சரியாக வருகிறதா என்றுதான் கேட்டேன்.

இந்தத் தொழிலில் அதைக் கேட்கப் போனால்தான் சட்டம் குறுக்கே வருகிறது. என் வாடிக்கையாளர் இப்போது தனியாக இல்லை. இன்னும் இரண்டு பேரோடு இடம் எடுத்திருக்கிறார். தொலைபேசி எடுக்கவும், வருகிறவர் யாரென்று விசாரிக்கவும், உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே இருக்கவும் ஒரு அக்காவை வைத்திருக்கிறார்கள். தனி ஆளிடம், எல்லாருக்கும் கொடுக்கிற அதே நிபந்தனையில் சேவை கொடுத்தால் 286.2 தொடாது என்று விலக்கு இருக்கிறது. அந்த விலக்கில்தான் நானும் நிற்கிறேன். ஆனால் அது பாலியல் சேவை விற்கிற வணிக நிறுவனம் ஆகிவிட்டால் விலக்குப் போய்விடும். மூன்று பெண்களும் ஒரு தொலைபேசியும் வணிக நிறுவனமா? இதுவும் சட்டத்தில் இல்லை. கதவடியில் இருக்கிற அந்த அக்கா மணிக்கு இருபது டொலர் வாங்குகிறார். அவர் மேல் தொங்குவது பத்து வருடம்.

நீதிமன்றத்தைத் தட்டினால் என்ன என்று கேட்பீர்கள். தட்டியாயிற்று. 2023இல் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் முழுவதையும் செல்லும் என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கல்கரியில் எஸ்கார்ட் தொழிலுக்குக் கார் ஓட்டிய இருவரின் வழக்கில், பொருள் நன்மை, ஆள் சேர்த்தல் இரண்டு பிரிவுகளும் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று சொன்னது. வாங்குவது குற்றம் என்ற பிரிவு அந்த வழக்கில் கேள்விக்கே வரவில்லை. நீதிமன்றம் அனுமதித்ததைப் பாராளுமன்றம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

உங்களுக்கு இது புதிய விஷயமும் இல்லை. 2022 ஜூனில் இதே குழு அறிக்கை வைத்தது. இந்தச் சட்டம் பாலியல் தொழிலில் இருப்பவர்களுக்குக் கடும் தீங்கு செய்கிறது, தொழிலை இன்னும் ஆபத்தாக்குகிறது என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது முதல் பரிந்துரை. எழுதியவர்கள் நீங்கள். அந்த அறிக்கையை நான் வாசித்த அன்று, பரவாயில்லை, யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வளர்ந்தவர்கள் இருவர் சம்மதித்துச் செய்வதற்குக் காசு கொடுத்ததை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்குகிற 286.1ஐ எடுத்துவிடுங்கள். வற்புறுத்தலுக்கும் கடத்தலுக்கும் பிள்ளைகளைத் தொடுவதற்கும் உங்களிடம் வேறு பிரிவுகள் இருக்கின்றன. அவற்றை இறுக்கிப் பிடியுங்கள், யாரும் குறுக்கே வரமாட்டார்கள். எடுக்க மனமில்லையென்றால் பாலியல் சேவை என்றால் என்ன என்றாவது எழுதுங்கள், டோனட்டுக்கு எழுதிய மாதிரி. எழுதும்போது வாங்குகிறவருடைய மனத்துக்குள் எட்டிப் பார்க்காமல் எழுதுங்கள். கதவடியில் இருக்கிற அக்காவையும் சுரண்டுகிறவனையும் ஒரே கூடையில் போடாத மாதிரி வணிக நிறுவனத்துக்கும் ஒரு எல்லை போடுங்கள்.

இன்னொன்று. வேலை அனுமதியில் வந்தவர்கள் ஆடை அவிழ்க்கும் நடனம், காம நடனம், எஸ்கார்ட், காம மசாஜ் இவற்றை வழக்கமாகக் கொடுக்கிற இடத்தில் வேலை செய்யக்கூடாது என்று குடிவரவு விதியில் ஒரு தடை இருக்கிறது. என் வாடிக்கையாளர் செய்வது அந்த நாலில் ஒன்றா என்று கேட்டு, தற்காலிக அனுமதியில் இருக்கிற ஒரு பிள்ளை போன மார்கழியில் என் கதிரையில் வந்து இருந்தது. அந்த இடத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை கிடைத்திருக்கிறதாம். வேண்டாம் பிள்ளை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தத் தடை யாரைப் பாதுகாக்க வந்ததோ தெரியாது. அந்தப் பிள்ளை இப்போது கையில் காசு கொடுக்கிற ஒரு சமையலறையில் பதினான்கு மணித்தியாலம் நிற்கிறது, முறைப்பாடு செய்யப் பயந்துகொண்டு.

இந்த வருடக் கணக்கு முடிந்துவிட்டது. 812990 என்றே போட்டேன். சொந்தத் தொழில்காரருக்கு ஜூன் 15வரை நேரம் இருந்தும் அவர் எப்போதும் ஏப்ரல் 30க்கு முன்பே காசைக் கட்டிவிடுவார். வரித் திணைக்களத்தோடு மட்டும் விளையாடக்கூடாது என்பது அவர் கொள்கை. என் கூலி 180 டொலர். எண்ணி மேசையில் வைத்துவிட்டு, "இதுதான் உங்களுடைய பொருள் நன்மையோ?" என்று கேட்டார். இருவரும் சிரித்தோம். பிறகு பற்றுச்சீட்டு எழுதப் பேனையை எடுத்தேன். எதற்கான காசு என்று எழுதுகிற வரியில் கொஞ்சநேரம் கை நின்றது.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வரிக் கணக்காளர்

(உங்கள் பிரதியில் என் பெயரும் முகவரியும் உண்டு. இங்கே போடாதது எனக்காக இல்லை. என் வாசலில் யார் சப்பாத்துக் கழற்றுகிறார்கள் என்று யாரும் எண்ணத் தொடங்கக்கூடாது என்பதற்காக.)